மேசை ரயிலில் விழுந்த நிழல்

போன வாரம் நாம் எல்லோரும் கூடியிருந்தபோது, உங்களில் ஒருவர் தம் பேரன் மாடியில் போட்டிருக்கும் விளையாட்டு ரயிலின் படங்களைக் கொண்டுவந்திருந்தார். மலை, பாலம், கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஸ்டேஷன். கை மாறிக் கை மாறி என்னிடம் வந்ததும் நான் பார்க்காமலே அடுத்தவரிடம் தள்ளிவிட்டு எழுந்து போனேன். கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கண் நன்றாகத்தான் தெரிகிறது. நீங்கள் என் வயதுக்காரர்கள். உங்களிடம் மறைத்து இனி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருநெல்வேலியிலிருந்து கொல்லத்துக்கு ரயில் போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ஊர்ப் பெயர் வேண்டாம். மேற்கே பொதிகை, வடக்கே ஆறு, ஆற்றங்கரை நெடுக மருதமரம், மற்ற எல்லாப் பக்கமும் வயல். ஒரு நாளைக்கு வந்து போகும் வண்டிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மிச்ச நேரமெல்லாம் அப்பாவுக்குத் தம் சொந்த ரயில்தான்.

ஸ்டேஷனை ஒட்டிப் பழைய சாமான் கிடங்கு ஒன்று இருந்தது. பலகை பாவிய தரை. அதன் நடுவில் இரண்டு கட்டில் நீளத்துக்கு ஒரு மேசை. அந்த மேசைமேல் அப்பா எங்கள் ஸ்டேஷனையே சின்னதாகச் செய்து வைத்திருந்தார். சாக்குத் துணியைச் சுண்ணாம்பில் முக்கிப் பொதிகை. ரசம் போன கண்ணாடித் துண்டுகளால் தாமிரபரணி. பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் நெற்பயிர். ஈர்க்குச்சியில் காக்கை இறகைச் சீவி ஒட்டினால் பனைமரம். சென்னையிலிருந்து தருவித்த ஜெர்மன் எஞ்சின் ஒன்று, சாவி கொடுத்தால் மேசையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும். அந்த அறையில் எப்போதும் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை காய்ச்சிய வாடை அடிக்கும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றுவிடுவாள். எனக்கு அந்த வாடை பிடிக்கும்.

அப்பாவைப் போலவே இந்தப் பித்துப் பிடித்தவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் திருநெல்வேலி டவுனில் வக்கீல். அவர் மேசையில் ஆற்றுப்பாலம் இருந்தது. மற்றவர் வள்ளியூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. வள்ளியூருக்கு அப்போது ரயிலே கிடையாது. ஊருக்கு வராத ரயிலை அவர் கடை மாடியில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு காமிரா. மரப்பெட்டியில் வைத்து மாதம் ஒருவர் வீட்டுக்கு அது போகும். படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் வக்கீலிடம் போய்ச் சேரும். அவர் வீட்டு இருட்டறையில் கழுவி, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து, பின்பக்கம் தம் அபிப்பிராயத்தை எழுதி அனுப்புவார். பனை ரொம்ப உயரம், வளைவு ரொம்பக் கூர்மை, இந்த வளைவில் நிஜ ரயில் கவிழ்ந்துவிடும் என்றெல்லாம் இருக்கும். அதை உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. எழுத்துக் கூட்ட அப்பாவே சொல்லிக்கொடுத்திருந்தார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம், படம் வந்தால் படிக்க என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

எங்கள் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நெம்புகோலைத் தள்ளி, வண்டியை எந்தப் பாதையில் விடுவது என்று திருப்பிவிடுகிற வேலை அவருக்கு. உயரமான ஆள். தலைப்பாகை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. என்னைப் பாப்பா என்பார், சிலசமயம் தாயீ என்பார். அந்த வருஷம் அவர் வீட்டில் முதல் பிள்ளை பிறந்திருந்தது.

அன்று காலை அவர் சிக்னல் கைகாட்டி மரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், தம் மாமியார் கங்கைகொண்டானிலிருந்து சாயங்கால வண்டியில் பிள்ளையைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார். மனைவி விடியற்காலமே வீட்டை மெழுகிவிட்டாளாம். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

சாயங்காலம் கிடங்கின் மேற்கு வாசல் வழியாக வெயில் சாய்ந்து வந்து மேசைமேல் விழுந்தது. அந்த மாதத்தில் காமிரா எங்கள் வீட்டில் இருக்கும் கடைசி நாள் அது. மூன்று நாளாக மழை மூட்டம், அன்றுதான் வெளிச்சம் வந்தது. அப்பா காமிராவை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் அறையில் மணி அடித்தது. முந்தின ஸ்டேஷனை விட்டு வண்டி புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடத்தை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஸ்டேஷனில் இரண்டு பாதை. ஒன்றில் வண்டி வந்து நிற்கும். மற்றதில் அன்று நெல் மூட்டை ஏற்றிய நாலு சரக்கு வாகன்கள் நின்றன. மதியம் அந்த வாகன்களைத் தள்ளிவிட்ட பிறகு தண்டவாளம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. நெம்புகோலுக்குப் பூட்டு உண்டு, சாவி மாஸ்டரிடம் இருக்கும். முதலில் மாஸ்டர் சாவி கொடுக்க வேண்டும். பாயிண்ட்ஸ்மேன் பாதையைத் திருப்பிப் பூட்டிவிட்டு வந்து சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வண்டி வரலாம் என்று கைகாட்டியை இறக்க வேண்டும். அப்பா இதில் ஒருநாளும் தவறியவரல்ல.

அன்று, சாவிக்காக வந்து நின்ற பாயிண்ட்ஸ்மேனிடம் துணிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். "ஏலே, கைகாட்டிய இறக்கிப்போட்டு வா. சாவிய அப்புறம் தாரேன்."

பாயிண்ட்ஸ்மேன் ஒரு கணம் தயங்கினார், பிறகு போனார். அப்பா காமிராவின் மூடியைக் கழற்றினார். நூற்றிருபது வரை நான் எண்ண வேண்டும். அதுவரை யாரும் அசையக்கூடாது. பலகைத் தரையில் ஒருவர் நடந்தாலும் மேசை அதிரும், படம் கலங்கிவிடும். அவசரப்படாமல், நாடித் துடிப்பைப் போல எண்ணுகிறேன் என்று அப்பா என்னை மெச்சுவார்.

நாற்பது எண்ணியிருப்பேன். வாசலில் பாயிண்ட்ஸ்மேன் வந்து நின்றார். வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், அவர் நிழல் நீளமாக வயல்மேலும் கண்ணாடி ஆற்றின்மேலும் விழுந்தது. அப்பாவின் முகம் சுருங்கியது. ஆனால் என் எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. அசையாதே என்று பாயிண்ட்ஸ்மேனுக்குக் கையைக் காட்டினார்.

"அய்யா, சாவி" என்றார் அவர், மெல்ல.

அப்பா காட்டிய கையை இறக்கவில்லை. பாயிண்ட்ஸ்மேன் வாசற்படிக்கு வெளியே அப்படியே நின்றார். ஒரு கையில் சுருட்டிய கொடி. ஐம்பது, அறுபது, எழுபது. தூரத்தில் எஞ்சின் ஊதியது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேகமாக எண்ணியிருக்கலாம். எண்பது, எண்பத்தொன்று என்று அதே நிதானத்தில் போனேன். அப்பா மெச்சவேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. நூற்றிருபது வந்ததும் அப்பா மூடியைப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து எறிந்தார். பாயிண்ட்ஸ்மேன் அதைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு ஓடினார்.

நெம்புகோல் வரைக்கும் போக நேரம் இல்லை என்பதை அவர் பாதி வழியிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். பாதையோடு நேராக எஞ்சினைப் பார்த்து ஓடினார். கொடி விரியவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து வீசிக் காட்டிக்கொண்டே போனார். நான் கிடங்கு வாசலிலிருந்து பார்த்தேன். டிரைவர் பார்த்துவிட்டார், வண்டி கிறீச்சிட்டு வேகம் குறைந்தது. சரளையில் கால் வழுக்கி அவர் விழுந்ததும், அவரைத் தாண்டி எஞ்சின் வந்ததும், நெல் வாகன்களில் போய் முட்டியதும் ஒரே மூச்சில் நடந்துபோயின. சத்தத்தில் மேசைமேல் இருந்த பொதிகை இரண்டாகப் பிளந்தது. அப்பா அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே ஓடினார். அதையும் நான் பார்த்தேன்.

வண்டி வேகம் குறைந்திருந்ததால் பலருக்கும் காயத்தோடு போயிற்று. செத்தது ஒரே ஒரு ஆள்தான். இறங்குவதற்காக மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னாடியே வந்து கதவருகே நின்ற ஒரு வயசான பெண். மூட்டையில் பிள்ளைக்குத் தைத்த சட்டையும் கருப்பட்டியும் இருந்தன. பாயிண்ட்ஸ்மேனின் மாமியார்.

பாயிண்ட்ஸ்மேனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சாவி அப்போதும் அவர் கைக்குள் இருந்ததாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

அந்தச் சாவிதான் அப்பாவைக் காப்பாற்றியது. சாவியை அப்போதே கொடுத்துவிட்டேன், பாதையைத் திருப்பாமல் கைகாட்டியை இறக்கிவிட்டான் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அன்று படம் பிடித்த தகடு காமிராப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வக்கீலின் ஆள் வந்து காமிராப் பெட்டியைக் கேட்டபோது, அம்மா ஒன்றும் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு அது தெரிந்தபோது பெட்டி திருநெல்வேலி போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து வக்கீலும் வள்ளியூர் அண்ணாச்சியும் சேர்ந்து வந்தார்கள். வக்கீல் சட்டைப்பையிலிருந்து மூன்று படங்களை எடுத்து மேசையின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரே படம். பனைமரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் எழுத்துகூடத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் குறுக்கே, தலைப்பாகை கட்டிய ஒரு மனிதனின் நிழல், கையில் கொடியோடு. இவ்வளவு நல்ல படத்தை நிழல் கெடுத்துவிட்டது என்றுதான் கழுவும்போது நினைத்ததாக வக்கீல் சொன்னார். பிறகுதான் விசாரணைக் காகிதங்களைப் பார்த்தாராம். மாஸ்டர் என்னை வாசலில் நிறுத்தி வைத்தார், பாப்பா எண்ணிக்கொண்டிருந்தது என்று பாயிண்ட்ஸ்மேன் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

வள்ளியூர் அண்ணாச்சி ஒரு படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப அவன் சொன்னது நெசந்தானா வே?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா மலையின் பிளவைத் தடவிக்கொண்டு நின்றார். வக்கீல்தான் பதில் சொன்னார்.

"நெசம்னா என்ன செய்யணுங்கீரு? போன காலு திரும்பி வரப்போவுதா, செத்த பொம்பள எந்திரிச்சு வரப்போவுதா? ஒரு குடும்பம் போச்சு. இதக் கொண்டு குடுத்தா ரெண்டாவதும் போவும். அவ்வளவுதான்."

தகட்டை அவர் தம் வீட்டிலேயே உடைத்துவிட்டு வந்திருந்தார். வள்ளியூர் அண்ணாச்சி படத்தை மடித்துப் பையில் வைக்கப் போனார். பிறகு வெளியே எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வஜ்ஜிரம் காய்ச்சும் அடுப்பில் நெருப்பு இருந்தது. முதலில் போட்டது அவர்தான். பின்னால் வக்கீல், கடைசியில் அப்பா. அப்புறம் வள்ளியூர் அண்ணாச்சி, தம் மேசையில் மலையைக் குடைந்து குகை வைக்கப் போவதாகச் சொன்னார். எத்தனை அங்குலம் என்று வக்கீல் கேட்டார். அவர்கள் புறப்படும்போது அப்பா சிரித்துக்கூடப் பேசினார்.

விசாரணைக்கு ஒரு துரை வந்தார், மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா. பாயிண்ட்ஸ்மேன் என் பெயரைச் சொல்லியிருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். அம்மா இரட்டைப் பின்னல் போட்டுப் பூ வைத்துவிட்டாள். பின்னும்போது காதருகே சொன்னாள். "அப்பா கொடியப் பிடிச்சிட்டு பிளாட்பாரத்துல நின்னாங்க. அவ்வளவுதான் சொல்லணும். வேற ஒண்ணும் சொல்லிராத."

நான் அவ்வளவோடு நிற்கவில்லை. அப்பா பச்சைக் கொடி பிடித்திருந்தார் என்றேன். எண்ணிக்கொண்டிருந்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். குமாஸ்தா என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லி, துரையிடம் எதையோ இங்கிலீஷில் சொன்னார். துரை புன்னகை செய்தார். அந்தப் புன்னகை எனக்குப் போதவில்லை. பாயிண்ட்ஸ்மேன் எங்கே இருந்தார் என்று கேட்டபோது, யாரும் சொல்லித்தராத ஒன்றைச் சொன்னேன்.

"மருதமரத்தடியில தூங்கிட்டிருந்தாரு."

வேறொரு நாள் மத்தியானம் அவர் அங்கே தூங்கியதை நான் பார்த்திருந்தேன். அதனால் தலைக்குக் கொடியைச் சுருட்டி வைத்திருந்ததையும், வாய் திறந்திருந்ததையும்கூடச் சொல்ல முடிந்தது. எஞ்சினைப் பார்த்து ஒருவன் தலைவிரி கோலமாக ஓடியது ஏன் என்பது அதுவரை அவர்களுக்குப் புரியாமல் இருந்தது. இப்போது புரிந்துவிட்டது. தூக்கத்திலிருந்து பதறி எழுந்து ஓடியிருக்கிறான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, நன்றியும் இருந்தது. பாயிண்ட்ஸ்மேனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து, நான் குழாயடியில் நின்றபோது அவர் மனைவி வந்தாள். இடுப்பில் பிள்ளை. தாயைப் புதைத்து மாதம்கூட ஆகவில்லை. அதுவரை அவள் ஊர் முழுக்கத் தன் புருஷனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் குரலை உயர்த்தவில்லை.

"எங்கம்மா வாற வண்டின்னு அவுகளுக்குத் தெரியும் பாப்பா. அன்னைக்குப் போயித் தூங்குவாகளா? நீ கண்ணால பாத்தியா?"

"ஆமா" என்றேன்.

"என்னப் பாத்துச் சொல்லு."

அவளைப் பார்த்துச் சொன்னேன். வேறு எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. துரையிடம் சொன்னதை இவளிடம் மாற்றினால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். "பச்சப்பிள்ளைக்குப் பொய் சொல்லி என்ன ஆவணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடத்தில் தண்ணீர் பிடிக்காமலே போனாள். மறுநாள் காலை வண்டியில் கங்கைகொண்டானுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பாளையங்கோட்டை வழியில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் கோல் ஊன்றித் திரும்பி வந்தபோது ரயில்வே வீட்டில் வேறு ஆள் இருந்தார். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குடிசையில் கிடந்தார். அங்கே வயல் வேலைக்குப் போகிறவர்கள் கஞ்சி ஊற்றினார்கள். மாமியாரைக் கொன்ற தூங்குமூஞ்சி என்று பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு போகும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் போனேன். கத்தவில்லை. கத்துகிறவர்களைத் தடுக்கவும் இல்லை.

ஐப்பசி மழையில் அப்பாவுக்குப் பெரிய ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. மேசை ரயிலை அப்பா ஒரு வாரம் இருந்து பிரித்தார். ஒவ்வொரு பனைமரத்தையும் பஞ்சில் சுற்றி, மலையை வைக்கோலில் பொதிந்து, பெட்டிமேல் கண்ணாடி, பத்திரம் என்று எழுதினார். நாங்கள் புறப்படும் அன்று வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பாயிண்ட்ஸ்மேன் மழையில் நனைந்துகொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தார். கையில் ஒரு தபால் கார்டு இருந்தது. அது நனையாதபடி வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார்.

அப்பா முகம் வெளுத்தது. ஆனால் பாயிண்ட்ஸ்மேன் சண்டைக்கு வரவில்லை.

"வேலையக் கேட்டு வரல அய்யா. துரைகிட்ட சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நான் தூங்கலன்னு எம் பொஞ்சாதிக்கு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா நம்புவா. எனக்கு அது போதும்."

அப்பா கார்டை வாங்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய் எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். அப்பாவின் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். உன் புருஷன் கால் இழந்து ஆதரவில்லாமல் இருக்கிறான். அன்றைக்குத் தூங்கியது பெரிய குற்றந்தான். இருந்தாலும் மன்னித்து வந்து சேர்ந்துகொள். மை உலர ஊதிவிட்டு, விலாசம் எழுதி, வெளியே வந்து அவர் கையில் கொடுத்தார். அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல இந்த வயதிலும் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கார்டினால் அவள் திரும்பி வருவாள் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். கொடுத்துவிட்டு, பெட்டிகளை ஏற்றுகிறார்களா என்று பார்க்க வேகமாகப் போய்விட்டார்.

பாயிண்ட்ஸ்மேனுக்கு எழுத்துத் தெரியாது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"படிச்சுக் காட்டு தாயீ."

நான் கார்டை வாங்கினேன். அவர் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். உன் புருஷன் தூங்கவில்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாவது தடவையும் ஒரு வார்த்தை மாறாமல் படித்தேன். அவர் கார்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். வண்டி வந்ததும் எங்களுக்கு முன்னால் ஒற்றைக் காலில் தாவித் தாவி தபால் ஏற்றும் ரயில் பெட்டி வரைக்கும் போய், உள்ளே இருந்தவர் கையிலேயே அதைக் கொடுத்துவிட்டு வந்து, என் ஜன்னலுக்குக் கீழே நின்றார். பைய போயிட்டு வாங்க தாயீ என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி கிளம்பியது.

கங்கைகொண்டானில் அவள் அண்ணனுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். அப்பா எழுதியிருந்ததைத்தான் படித்துக் காட்டியிருப்பார்.